“மெயில் போவ மாட்டேக்கு”: விண்டோஸ் சர்வர் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

திங்கள்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “அண்ணாச்சி, மெயில் போவ மாட்டேக்கு.” நெல்லைப் பக்கம் பேட்டை தொழிற்பேட்டையோ, கங்கைகொண்டான் சிப்காட்டோ, வள்ளியூர் கிளையோ, எங்கிருந்து வந்தாலும் சொல் இதுதான். இந்த ஒரு சொல்லுக்குள் ஏழெட்டு வேறு வேறு பிழைகள் ஒளிந்திருக்கும். அவற்றில் பலவற்றுக்கு மெயில் சர்வரோடு சம்பந்தமே இருக்காது. டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைச் சொல்லும் சேவை), கடிகாரம், டிஸ்க்கில் மிச்சமிருக்கும் இடம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் எக்ஸ்சேஞ்சில் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருள்) கை வைத்தால் ஒரு முழு நாள் போய்விடும். அந்த நாள் நமக்கு வெறும் வேலைநாள்தான். டெண்டர் மெயில் மூன்று மணிக்குள் போயாக வேண்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் கிளார்க் பிள்ளைக்கு அப்படி இல்லை. அதனால்தான் பார்க்கும் வரிசை முக்கியம் என்கிறேன்.

இதை அலுவலகத்துக்காரர் சொல்லும் புகாரின்படி பிரித்திருக்கிறேன். பொதுவாக நம் பக்கத்து அலுவலகங்களில் இருக்கும் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றோ இரண்டோ டொமைன் கன்ட்ரோலர் (அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றின் கணக்குகளையும் லாகினையும் கவனிக்கும் சர்வர்; அந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் டொமைன்), ஒரு ஃபைல் சர்வர், சொந்த எக்ஸ்சேஞ்ச், தென்காசியிலோ திசையன்விளையிலோ ஒரு கிளை, நடுவில் ஒரு விபிஎன் (இணையத்தின் வழியே இரண்டையும் இணைக்கும் தனிப்பாதை).

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. ஒருத்தருக்கா, எல்லாருக்குமா? அலுவலகத்துக்குள்ளேயே அனுப்பினால் போகிறதா? நேற்று ராத்திரி கரண்ட் போனதா? மூன்றாவது கேள்வியை விடவே கூடாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும், ஐப்பசி இடியும் நம் ஊரில் சர்வர் அறையின் நிரந்தர விருந்தாளிகள். இன்னொன்று, இந்த மூன்றுக்கும் பதில் தெரியும்வரை எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகும். ஆனால் காரணம் அழிந்துவிடும், அடுத்த திங்கள்கிழமை அதே போன் வரும்.

“நெட் இருக்கு, சர்வர் மட்டும் வர மாட்டேக்கு”

புகார் சொன்னவரின் கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுங்கள். வரும் எண்களிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும்.

169.254 என்று தொடங்கும் முகவரி என்றால், கம்ப்யூட்டர்களுக்கு முகவரி பங்கிடும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை. கேபிள், சுவிட்ச், டிஹெச்சிபி சர்வீஸ் என்ற வரிசையில் பாருங்கள். எல்லாம் ஓடுகிறது, ஆனால் புதிதாக வரும் கம்ப்யூட்டருக்கு மட்டும் முகவரி கிடைக்கவில்லை என்றால் ஸ்கோப் (பங்கிட வைத்திருக்கும் முகவரிகளின் தொகுப்பு) தீர்ந்திருக்கலாம். விண்டோஸ் டிஹெச்சிபி வழக்கமாக ஒரு முகவரியை 8 நாளுக்குக் கொடுக்கும். அலுவலக வைஃபையில் வந்துபோகிறவர்களின் போன்கள் எல்லாம் ஒரு வாரம் முகவரியைப் பிடித்து வைத்துக்கொண்டால், நிரந்தரமாக இருக்கிறவருக்கு இடம் இருக்காது. வைஃபைக்குத் தனி ஸ்கோப் வைத்து அதற்கு மட்டும் சில மணி நேரமாகக் குறையுங்கள்.

அலுவலகம் 192.168.10 வரிசையில் இருக்கும்போது இவருக்கு மட்டும் 192.168.0 வந்திருந்தால், யாரோ ஒரு வைஃபை ரூட்டரை உள்ளே கொண்டு வந்து மாட்டியிருக்கிறார்கள். ஒரு நூல் மில்லில் இரண்டு நாள் இதைத் தேடினேன். அக்கவுண்ட்ஸ் அறையில் போனுக்கு சிக்னல் இல்லை என்று வீட்டில் கிடந்த பழைய ரூட்டரை எடுத்து வந்து, லேன் துளையில் கேபிளைச் செருகி, பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த அறைக்கு வைஃபை எட்டாதது நம் குறை. அது கண்ணில் பட்ட கம்ப்யூட்டருக்கெல்லாம் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. கண்டுபிடிக்க எளிய வழி: ஐபிகான்ஃபிக்கில் டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் இருக்கும் முகவரியை எடுத்து பிங் -டி போட்டு ஓடவிடுங்கள். மேனேஜ்டு சுவிட்ச் என்றால் ஏஆர்பி -ஏ கொடுத்து அதன் மேக் முகவரியைப் பார்த்து, எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்சிலேயே தேடலாம். சாதா சுவிட்ச் என்றால் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி மாட்டிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது பிங் நிற்கிறதோ, அந்தக் கேபிளின் மறுமுனையில்தான் ரூட்டர் இருக்கிறது.

முகவரி சரி, ஆனால் டிஎன்எஸ் வரியில் கூகுளின் 8.8.8.8 இருக்கிறது. நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். “ரெண்டாவதா கூகுளையும் போட்டு வச்சா நெட் நிக்காதுல்லா” என்று நல்ல எண்ணத்தில் போட்டு வைப்பார்கள். டொமைனில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இது விஷம். டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதை விண்டோஸ் டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி பதிவுகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. அந்தப் பதிவுகள் உங்கள் டொமைன் கன்ட்ரோலரில் மட்டும் இருக்கின்றன, கூகுளுக்கு அவை தெரியாது. முதல் டிஎன்எஸ் ஒரு நொடி தாமதித்தால் கம்ப்யூட்டர் இரண்டாவதைக் கேட்கும். “அப்படி ஒரு பெயரே இல்லை” என்று அது சொல்லும். இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று விண்டோஸ் அத்தோடு தேடுவதை நிறுத்திவிடும். அதனால்தான் காலையில் வேலை செய்தது மத்தியானம் செய்வதில்லை, பக்கத்துக் கம்ப்யூட்டரில் வருவது இதில் வருவதில்லை.

கம்ப்யூட்டர்களிலும் சர்வர்களிலும் டொமைன் கன்ட்ரோலரின் முகவரி மட்டும் இருக்கட்டும். 8.8.8.8 இருக்க வேண்டிய இடம் டொமைன் கன்ட்ரோலரில் ஓடும் டிஎன்எஸ் சர்வரின் ஃபார்வர்டர் பட்டியல் (தனக்குத் தெரியாத பெயரை வெளியில் யாரிடம் கேட்பது என்ற பட்டியல்). மாற்றிய பிறகு ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுத்து, என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்டிசி: என்பதோடு டொமைன் பெயரைச் சேர்த்துக் கேளுங்கள். கன்ட்ரோலரின் பெயர் வந்தால் இந்தப் பகுதி முடிந்தது.

“கரண்ட் வந்துட்டு, எல்லாம் ஆன்ல இருக்கு, ஆனா யாருக்கும் தொறக்க மாட்டேக்கு”

யுபிஎஸ் பாட்டரி தீர்ந்து எல்லாம் ஒன்றாக அணைந்து, கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழுந்தால் இதுதான் நடக்கும். டொமைன் கன்ட்ரோலர் முழுதாக எழுவதற்கு முன்பே மற்ற சர்வர்கள் எழுந்து அதைத் தேடி ஏமாந்துவிடும்.

முதலில் டொமைன் கன்ட்ரோலரில் பவர்ஷெல் திறந்து கெட்-நெட்கனெக்‌ஷன்ப்ரொஃபைல் கொடுங்கள். டொமைன் என்று வர வேண்டிய இடத்தில் பப்ளிக் என்று வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. எழும்போது தன் டொமைனையே அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏதோ பொது இடத்து நெட்வொர்க் என்று நினைத்து ஃபயர்வாலை இறுக்கிக்கொண்டது. சர்வர் ஓடுகிறது, எல்லா சர்வீஸும் ரன்னிங் என்று காட்டுகிறது, கதவு மட்டும் பூட்டியிருக்கிறது. நெட்வொர்க் அடாப்டரை ஒருமுறை டிசேபிள் செய்து எனேபிள் செய்தால் டொமைன் என்று மாறும். இதை ஆர்டிபியில் (சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து திறக்கும் வழி) இருந்துகொண்டு செய்யாதீர்கள், அறைக்குப் போய் மானிட்டர் முன்னால் நின்று செய்யுங்கள். விண்டோஸ் சர்வர் 2025 வந்த புதிதில் டொமைன் கன்ட்ரோலர்களுக்கு இந்தச் சிக்கல் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் வந்தது. மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காலிக வழியும் அடாப்டரை ரீஸ்டார்ட் செய்வதுதான். அதனால் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது நேரம். டொமைனில் லாகின் ஆவது கெர்பரோஸ் முறையில். கம்ப்யூட்டருக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் நேர வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால், வழக்கமான அமைப்பில் அது உள்ளே விடாது. பழைய சர்வரில் மதர்போர்டு பாட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி பின்னுக்குப் போய்விடும். டபிள்யூ32டிஎம் /க்வெரி /சோர்ஸ் கொடுத்துப் பாருங்கள். பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பில் (டொமைனுக்கே நேரத் தலைமை) இருக்கும் கன்ட்ரோலர் வெளியில் ஒரு என்டிபி (நேரம் சொல்லும்) சர்வரிடம் நேரம் கேட்க வேண்டும், மற்ற எல்லாம் அதனிடம் கேட்க வேண்டும். ஹைப்பர்-வி (ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) மேல் கன்ட்ரோலரை வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோலர் ஹோஸ்ட்டிடம் (அதைத் தாங்கும் இயந்திரம்) நேரம் கேட்டு, ஹோஸ்ட் கன்ட்ரோலரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே வழி தவறும்.

இவை இரண்டும் சரியான பிறகுதான் எக்ஸ்சேஞ்ச். ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவு) 2114 என்ற எண் இருந்தால், டொமைன் கன்ட்ரோலரில் உள்ள கணக்குப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியை எக்ஸ்சேஞ்ச் தேடித் தோற்றிருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரி டோபாலஜி என்ற எக்ஸ்சேஞ்ச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் அதைச் சார்ந்த மற்ற சர்வீஸ்களும் சேர்ந்து எழும். இனி எழும் வரிசையை நீங்களே வகுத்துவிடுங்கள்: சுவிட்ச், ஃபயர்வால், டொமைன் கன்ட்ரோலர், பத்து நிமிடம் விட்டு மற்றவை. ஹைப்பர்-வியில் ஒவ்வொரு விஎம்முக்கும் (மெய்நிகர் சர்வர்) எத்தனை நொடி கழித்து எழ வேண்டும் என்று குறிக்க இடம் இருக்கிறது.

“என் சிஸ்டம் மட்டும் லாகின் ஆவல, ட்ரஸ்ட்னு ஏதோ சொல்லுது”

அந்தக் கம்ப்யூட்டருக்கும் டொமைனுக்கும் இடையில் உள்ள ரகசியக் கடவுச்சொல் பொருந்தவில்லை. விண்டோஸ் அதை 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும். பழைய பேக்கப் இமேஜில் (முழு டிஸ்க்கின் நகல்) இருந்து கம்ப்யூட்டரை மீட்டால் பழைய கடவுச்சொல்லோடு எழும். உள்ளூர் அட்மின் கணக்கில் நுழைந்து, பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் -ரிப்பேர் என்பதை டொமைன் அட்மின் பெயரோடு கொடுங்கள். டொமைனில் இருந்து கழற்றி மறுபடி சேர்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

“சின்ன மெயில் போவுது, பைல் வச்சா அப்படியே நிக்கு”

கிளையில் இருந்து மட்டும் வரும் புகார் இது. பிங் போகும், சர்வர் பெயர் வரும், இரண்டு வரி மெயில் போகும். விலைப்பட்டியல் ஒன்றை இணைத்தால் உறைந்துவிடும். ஃபைல் சர்வரில் ஃபோல்டர் திறக்கும், உள்ளே இருக்கும் எக்செல் திறக்காது. நெட் ஸ்லோ என்று இணைப்புக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் கிளையில் இருந்து பிங் -எஃப் -எல் 1472 என்பதோடு தலைமை அலுவலக சர்வரின் முகவரியைச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். 1472 பைட் பாக்கெட்டை உடைக்காமல் அனுப்பு என்று பொருள். போகவில்லை என்றால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சாதாரண ஈதர்நெட்டில் பாக்கெட் அளவு 1500, பிபிபிஓஇ இணைப்பில் (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிராட்பேண்ட்) 1492. தலைப்புக்கு 28 போக முதலாவதில் 1472, இரண்டாவதில் 1464 வரைதான் போகும். மேலே விபிஎன் சேர்ந்தால் இன்னும் குறையும். போகும் அளவு தெரிந்ததும் இரு பக்க ரூட்டரிலும் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) அதற்கு ஏற்பக் குறையுங்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டாம்.

“அவுட்பாக்ஸ்லயே கிடக்கு”

அவுட்பாக்ஸில் கிடக்கிறதா, சென்ட் ஐட்டம்ஸில் வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். அவுட்பாக்ஸ் என்றால் மெயில் அந்தக் கம்ப்யூட்டரை விட்டே கிளம்பவில்லை. பிரவுசரில் வெப்மெயில் திறந்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே போனால் சர்வர் நலம், கோளாறு அந்த அவுட்லுக்கில். ஒர்க் ஆஃப்லைன் பொத்தான் தவறி அழுத்தப்பட்டிருக்கும், அல்லது அளவுக்கு மீறிய இணைப்பு ஒன்று வழியை மறித்துக்கொண்டிருக்கும். எல்லா அவுட்லுக்கும் ஒரே நாளில் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் எக்ஸ்சேஞ்சின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும்.

“போயிட்டுன்னு காட்டுது, அங்க போய்ச் சேரல”

இங்கேதான் மெயில் சர்வரின் வேலை உண்மையில் தொடங்குகிறது. எக்ஸ்சேஞ்ச் ஷெல்லில் கெட்-க்யூ கொடுத்து, எந்த வரிசையில் எத்தனை நிற்கிறது, லாஸ்ட் எரர் என்ன என்று படியுங்கள். அந்த வரியை முழுதாகப் படியுங்கள், பதில் அநேகமாக அதிலேயே இருக்கும்.

ஒரே ஒரு டொமைனுக்கு (இங்கே, மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) போகும் வரிசை மட்டும் நிற்கிறது என்றால் சிக்கல் அந்தப் பக்கம், அல்லது அவர்கள் உங்களை நம்பவில்லை. வெளியே போகும் எல்லா வரிசையும் நிற்கிறது என்றால் சர்வரில் இருந்தே டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கொண்டு வெளி சர்வர் ஒன்றின் 25ஆம் போர்ட்டை (மெயில் சர்வர்கள் தமக்குள் மெயில் கொடுத்து வாங்கும் வாசல்) சோதியுங்கள். திறக்கவில்லை என்றால் ஃபயர்வாலோ இணைப்புக்காரரோ அடைத்திருக்கிறார்கள். இணைப்பு மாற்றிய மறுநாள் இது அடிக்கடி நடக்கும். 451 4.4.0 டிஎன்எஸ் என்று இருந்தால் சர்வரின் நெட்வொர்க் கார்டில் உள்ள டிஎன்எஸ்ஸைப் பாருங்கள், மேலே சொன்ன 8.8.8.8 கதையேதான்.

452 4.3.1 என்று வந்தால் டிஸ்க். எக்ஸ்சேஞ்ச் தன் வரிசைக் கோப்பு இருக்கும் டிரைவில் இடம் குறைந்தால் முதலில் வெளி மெயிலை வாங்க மறுக்கும், இன்னும் குறைந்தால் எல்லாவற்றையும் மறுக்கும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஈவென்ட் வியூவரில் 15004, 15006 என்ற எண்கள் சாட்சி. சி டிரைவில் இடத்தைத் தின்பது பெரும்பாலும் ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) பதிவுக் கோப்புகள். இன்ட்பப் ஃபோல்டருக்குள் மாதக்கணக்கில் குவிந்திருக்கும், பழையவற்றைத் தயங்காமல் அழிக்கலாம்.

ஆனால் டேட்டாபேஸ் ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் 1 எம்பி அளவில் இருக்கும் லாக் கோப்புகளை மட்டும் கையால் அழித்துவிடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. அவை குப்பை இல்லை, டேட்டாபேஸில் இன்னும் முழுதாக எழுதி முடிக்காத மெயில்கள் அவற்றில் இருக்கலாம். பேக்கப் சரியாக முடிந்தால் எக்ஸ்சேஞ்சே அவற்றை அழித்துக்கொள்ளும். அவை குவிந்திருக்கிறது என்றால் உங்கள் பேக்கப் பல நாளாக ஓடவில்லை என்று பொருள். டிரைவ் நிரம்பினால் டேட்டாபேஸ் இறங்கிவிடும், எல்லாருடைய மெயிலும் நிற்கும். ஓர் அரிசி ஆலையில் இப்படித்தான் ஆனது. பேக்கப் வைத்திருந்த வெளி டிஸ்க்கை யாரோ கழற்றி வேறு வேலைக்குக் கொண்டுபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. புது டிஸ்க் மாட்டி ஒரு முழு பேக்கப் ஓடியதும் இடம் தானாக வந்தது.

வரிசையில் எல்லாம், உள் மெயில் உட்பட, சப்மிஷனிலேயே (வந்த மெயில் எங்கே போக வேண்டும் என்று பிரிப்பதற்கு முன் நிற்கும் வரிசை) நின்றால் டிரான்ஸ்போர்ட் சர்வீஸையும் அதோடு ஓடும் மால்வேர் சோதனையையும் பாருங்கள். 2022 ஜனவரி 1ஆம் தேதி உலகம் முழுவதும் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் இதுதான் நடந்தது. சோதனைக் கோப்பின் பதிப்பு எண்ணைத் தேதியை வைத்து எழுதியிருந்தார்கள். புத்தாண்டு பிறந்ததும் அது 2201010001 ஆனது. அந்த எண்ணைப் பிடிக்கும் பெட்டியில் 2147483647 வரைதான் கொள்ளும். அவ்வளவுதான், மெயில் எல்லாம் நின்றது. அந்த இரண்டு பதிப்புகளுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இப்படி ஒன்று மறுபடி வந்தால் திருத்தம் வரும் என்று காத்திருக்க முடியாது. இன்னும் அவற்றில் இருப்பவர்கள் மாறுவதற்கு இப்போதே முதலாளியிடம் பேசுங்கள்.

“திரும்பி வந்துட்டு”

திரும்பி வந்த மெயிலை அப்படியே ஃபார்வர்ட் செய்யச் சொல்லுங்கள், வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். அதில் இருக்கும் எண் 4இல் தொடங்கினால் தற்காலிகம், 5இல் தொடங்கினால் முடிந்த கதை.

5.1.1 என்றால் அப்படி ஒரு ஆள் இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பவருக்கே அனுப்பி 5.1.1 வந்து, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஐஎம்சிஇஏஇஎக்ஸ் என்று நீளமாக ஏதோ இருந்தால் வேறு கதை. அவருடைய மெயில்பாக்ஸை அழித்துப் புதிதாக உருவாக்கியிருப்பீர்கள். அனுப்புகிறவரின் அவுட்லுக் பழைய உள்முகவரியை ஞாபகம் வைத்திருக்கிறது. தட்டும்போது வரும் பெயர்ப் பட்டியலில் அவரை நீக்கிவிட்டு மறுபடி எடுத்தால் ஒருவருக்குச் சரியாகும். எல்லாருக்கும் சரியாக, அந்தப் பழைய முகவரியைப் புது மெயில்பாக்ஸில் எக்ஸ்500 முகவரியாகச் சேர்த்துவிடுங்கள்.

4.4.7 என்றால் முயன்று முயன்று காலம் முடிந்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் வழக்கமாக 2 நாள் முயலும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷனிலும் கொக்கிரகுளத்திலும் புகுந்ததே, அப்படி ஒரு நேரத்தில் சர்வர் இரண்டு நாளுக்கு மேல் அணைந்திருந்தால் உங்களுக்கு எழுதியவர்களுக்கு மெயில் இப்படித் திரும்பிவிடும். மெயிலை வாங்கி வைத்திருக்க வெளியூரில் ஒரு மாற்று வழி இருக்கட்டும். ஆற்றங்கரைப் பக்கத்து அலுவலகம் என்றால் ரேக் தரைத்தளத்தில் இருக்கவே கூடாது.

5.7 என்று தொடங்குபவை அனுமதி, நம்பிக்கை சார்ந்தவை. ஜிமெயில் 2024 பிப்ரவரியில் இருந்து விதிகளை இறுக்கிவிட்டது. அனுப்பும் டொமைனுக்கு எஸ்பிஎஃப் (அந்தப் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பதிவு) அல்லது டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) வேண்டும், அனுப்பும் ஐபிக்குச் சரியான பிடிஆர் பதிவு (ஐபியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் பதிவு) வேண்டும். பிடிஆரை நீங்கள் வைக்க முடியாது, ஐபி கொடுத்த இணைப்புக்காரர்தான் வைக்க வேண்டும், எழுத்தில் கேளுங்கள். இணைப்பு மாறினால் ஐபி மாறும், எஸ்பிஎஃப் பதிவை மாற்ற மறந்துவிடுவோம். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. பில் போடும் மென்பொருள் தானாக வெளியே மெயில் அனுப்புகிறதா என்றும் பாருங்கள், அதன் வழியும் எஸ்பிஎஃப்பில் இருக்க வேண்டும்.

“வெளியிலிருந்து ஒண்ணும் வர மாட்டேக்கு”

டிஸ்க் இடம், எம்எக்ஸ் பதிவு (உங்கள் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு), டொமைன் பெயர் புதுப்பித்த தேதி, இந்த வரிசையில். மூன்றாவதைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் வேலையை விட்டுப் போனவரின் மெயில்பாக்ஸில் கிடக்கும். மூன்றும் சரி என்றால் மெசேஜ் டிராக்கிங் லாகில் (ஒவ்வொரு மெயிலின் போக்குவரத்தையும் எக்ஸ்சேஞ்ச் குறித்து வைக்கும் பதிவு) அனுப்பியவர் பெயரைத் தேடுங்கள். லாகிலேயே இல்லை என்றால் மெயில் உங்கள் வாசல்வரை வரவில்லை, ஃபயர்வாலையும் முன்னால் இருக்கும் ஸ்பாம் வடிகட்டியையும் பாருங்கள். லாகில் இருக்கிறது என்றால் ஜங்க் ஃபோல்டரிலோ யாரோ எழுதிய ரூலிலோ போய்ச் சேர்ந்திருக்கும்.

எது எப்படிச் சரியானாலும், கிளம்பும் முன் அந்தக் கிளார்க் பிள்ளையிடம் ஒன்று சொல்லிவிட்டு வாருங்கள். வரிசையில் நிற்கும் மெயில்கள் தாமாகவே போகும், நாம் ரீட்ரை-க்யூ கொடுத்தால் உடனே போகும். “காலைல அனுப்புனதை மறுபடியும் அனுப்பிராதீங்க, அதே பர்ச்சேஸ் ஆர்டர் ரெண்டு தடவ போயிரும்.” அவர் சென்ட் ஐட்டம்ஸில் இருக்கும் டெண்டர் மெயிலைத் திறந்து காட்டுவார். அதன் பொருள் வரியை டிராக்கிங் லாகில் தேடி, எதிர்ப்பக்க சர்வர் எத்தனை மணிக்கு வாங்கிக்கொண்டது என்ற வரியைப் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுங்கள்.